காலியாக விட்ட கட்டம்

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு ஒரு பயணப்பை வந்து சிஸ்டரின் மேசைமேல் பொத்தென்று விழுந்தது. மேசையில் இருந்த பச்சை மைப் பேனா உருண்டு கீழே போயிற்று. பைக்குப் பின்னால், அதைக் கொண்டுவந்து போட்டவள் மூச்சு வாங்க நின்றாள்.

"அக்கா, நான் போறேன். சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். நீங்கதானே எங்களைச் சேர்த்து வெச்சீங்க?"

சிஸ்டர் குனிந்து முதலில் பேனாவைத்தான் எடுத்தார். எச்.ஐ.வி. மருத்துவப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாகப் பச்சை மையில் எழுதுகிறவர் அவர் ஒருவர்தான். பேனாவை யாருக்கும் இரவல் தரமாட்டார். அவர் மேசை இழுப்பறையில் எப்போதும் ஒரு துப்பறியும் நாவல் இருக்கும். கொலைகாரன் யாரென்று பாதிப் புத்தகத்திலேயே அடித்துச் சொல்லிவிடுவார். பத்துக்கு ஒன்பது தடவை தப்பாகத்தான் சொல்வார், அது வேறு விஷயம்.

வந்தவளை அவர் மறக்கக்கூடியவரா? ஏழு வருடத்துக்கு முன்னால் இதே பிரிவின் பெஞ்சில் இவள் ஒரு முனையிலும், தியேட்டரில் டார்ச் அடித்து இருக்கை காட்டும் ஒரு மனிதர் மறு முனையிலும் மாதாமாதம் மாத்திரைக்காக உட்கார்ந்திருப்பார்கள். இருவர் உடம்பிலும் ஒரே வைரஸ், இருவர் வீட்டிலும் பேச ஆளில்லை. சிஸ்டர் வேண்டுமென்றே இரண்டு பேருடைய அட்டையையும் அடுத்தடுத்து வைத்துக் கூப்பிடத் தொடங்கினார். எட்டாம் மாதம் அவர்கள் கல்யாணத்தைப் பதிவு செய்தபோது, பதிவாளர் முறைத்ததையும் பொருட்படுத்தாமல் சாட்சிக் கையெழுத்தைப் பச்சை மையிலேயே போட்டார். அந்த மனிதரை ஊரே 'டார்ச்சு' என்றுதான் கூப்பிடும்.

"எங்கேடி போறே? முதல்ல உட்காரு."

"குடிக்கிறார் அக்கா." நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். "ரெண்டு மாசமா தியேட்டருக்குள்ள தள்ளாடுறாராம். போன வாரம் ஒரு வயசானவங்க மடியிலேயே விழுந்திருக்கார். ஒரு குடும்பத்தையே இல்லாத வரிசையில போய் உட்காருங்கன்னு அலைய விட்டிருக்கார். மேனேஜர் கேட்டதுக்கு வாயில வராத வார்த்தையெல்லாம் பேசியிருக்கார். அவரா? எறும்பை மிதிச்சாக்கூட மன்னிப்புக் கேக்கிற மனுஷன் அக்கா!"

"குடிச்ச வாசனை வந்துச்சா?"

"அதான் புரியல. ஏதோ போட்டு மறைக்கிறார். நேத்துக் காலையில முகம் கழுவப் போனவர் குழாயில நெத்தியை முட்டிக்கிட்டு ரத்தத்தோட வர்றார். கேட்டா, 'விழுந்துட்டேன்மா, ஏன்னு தெரியல'ன்னு பச்சப்பிள்ளை மாதிரி முழிக்கிறார். எங்கப்பா குடிச்சுக் குடிச்சே எங்கம்மாவைக் கொன்னவர். வியாதியோட நான் வாழ்ந்துடுவேன். குடியோட வாழ மாட்டேன். சத்தியமா மாட்டேன்."

சிஸ்டர் தன் வாழ்க்கையில் செய்துவைத்த கல்யாணம் அது ஒன்றே ஒன்றுதான். பையை மேசைக்கடியில் காலால் தள்ளினார்.

"இது இங்கேயே கிடக்கட்டும். புதன்கிழமை வரைக்கும் டைம் குடு. குடிதான்னு டாக்டர் வாயால சொல்லிட்டா, நானே உன்னை பஸ் ஏத்தி விடறேன்."

டாக்டரை அந்தப் பிரிவில் எல்லோரும் 'மெதுவா டாக்டர்' என்பார்கள். நரம்பு, மூளை நோய்களைப் பார்க்கிறவர். மாடிப்படி ஏறும்போதும், கோபப்படும்போதும், டீ குடிக்கும்போதும் அவருக்கு ஒரே வேகம்தான். டார்ச்சின் மனைவி சொன்னதையெல்லாம் ஒரு குறுக்குக் கேள்வி கூடக் கேட்காமல் கேட்டு முடித்தார்.

"வலின்னு ஏதாவது சொல்வாரா?"

"கால்ல மின்னல் வெட்டுதும்பார். ஒரு நிமிஷம் துடிச்சிட்டு அப்புறம் சரியாயிடுவார்."

"மாத்திரை?"

"நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் சார் போடுவோம். ஒருத்தர் விழுங்கறதை ஒருத்தர் பார்த்துக்குவோம்." அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகம் ஒரு கணம் மலர்ந்தது.

டாக்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "சிஸ்டர், மத்தியானம் சினிமாவுக்குப் போகலாமா?"

இரண்டு மணிக் காட்சி. தியேட்டர் முன்கூடத்தில் பளீரென்று விளக்குகள். டார்ச்சு வாசலில் நின்று டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் பிளாஸ்திரி, கையில் நீளமான டார்ச். சிஸ்டரைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்.

"அட, அக்கா! டாக்டர் சாருமா! படம் சுமார்தான், சொல்லிட்டேன். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

கல்லுத்தூண் மாதிரி நின்றார் மனுஷர், ஒரு ஆட்டம் இல்லை. சிஸ்டர் மெல்ல மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். சோப்பு வாசனைதான் வந்தது. பிறகு அவர் கண் கீழே போயிற்று. டார்ச்சின் செருப்பு புதிது, மேலே பட்டை பளபளவென்று இருந்தது. ஆனால் குதிகால் பக்கம் மட்டும் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது.

"பார்த்தீங்களா?" என்று டாக்டரின் காதில் கிசுகிசுத்தார். "புதுச் செருப்பு இந்தத் தேய்மானம் தேய்ஞ்சிருக்குன்னா, எவ்வளவு தூரம் நடந்து போறாரோ குடிக்கிறதுக்கு!"

"தூரமா நடந்தா முன்பக்கமும்தானே சிஸ்டர் தேயணும்?" என்றார் டாக்டர்.

மணி அடித்தது. விளக்குகள் அணைந்தன. டார்ச்சு அவர்களுக்கு முன்னால் வழிகாட்டி நடந்தார். பாதம் ஒவ்வொன்றும் தப் தப்பென்று தரையில் அறைந்தது. வரிசை வந்ததும், உட்கார்ந்திருக்கிறவர்கள் கண் கூசக் கூடாதென்று வழக்கம்போல டார்ச்சை அணைத்தார். அணைத்ததுதான் தாமதம், ஆள் அப்படியே சாய்ந்தார். டாக்டர் தயாராக இருந்தவர் போல இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டார்.

முன்கூடத்துக்குக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். டார்ச்சின் கண்களில் நீர் கோத்திருந்தது.

"நான் குடிக்கலை சார். ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறாங்க. சில நேரம் எனக்கே சந்தேகம் வந்துடுது, குடிச்சிட்டு மறந்துட்டேனோன்னு. எல்லாம்தான் மறக்குதே."

"உங்க டார்ச்சைக் குடுங்க," என்றார் டாக்டர். அதை அவர் கண்ணுக்கு நேரே அடித்தார். கண்ணின் கறுப்பு மணி அந்த வெளிச்சத்துக்கு இம்மிகூட அசையவில்லை. பிறகு ஒரு கிழித்த டிக்கெட்டை எடுத்து அவர் மூக்குக்கு அருகே பிடித்தார். "என்ன நம்பர்?"

"ஜி பதினாலு."

அந்த நம்பரைப் படிக்கும்போது கண்மணி சட்டென்று சுருங்கியதை சிஸ்டரும் பார்த்தார். பார்த்து என்ன பிரயோசனம், ஒன்றும் புரியவில்லை. டாக்டர் மட்டும் "ம்" என்றார். அவர் 'ம்' என்றால் பாதிக் கதை முடிந்தது என்று அர்த்தம்.

செவ்வாய்க்கிழமை டார்ச்சை மருத்துவமனையில் சேர்த்தார்கள். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்புக்குள் இருக்கும் நீரை ஊசியால் எடுப்பதற்காக அவரை ஒருக்களித்துச் சுருண்டு படுக்கச் சொன்னபோது, எதிர்ப்பக்கம் ஸ்டூல் போட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டது அந்தப் பயணப்பைக்காரிதான். "நான் ஒண்ணும் சமாதானமாகலை," என்று சிஸ்டரிடம் சொல்லிவிட்டுத்தான் பிடித்தாள்.

இதற்கிடையில் டாக்டர் லேபுக்குப் போனார். சிஸ்டரும் பின்னாலேயே ஓடினார். அங்கே பரிசோதனை செய்கிறவரை லேப்காரர் என்பார்கள். இருபது வருடமாக ரத்தத்தோடு பழகியவர், மனிதர்களோடு அவ்வளவாகப் பேசமாட்டார். பன்னிரண்டு நாளைக்கு முன், டார்ச்சின் வழக்கமான பரிசோதனைக்கு எடுத்த ரத்தம் பிரீசரில் இருந்தது. அந்த ரத்தத்தோடு வந்த சீட்டையும் டாக்டர் கேட்டு வாங்கினார். சிபிலிஸ், உடலுறவால் பரவுவது, பழைய காலத்தில் மேகநோய் என்பார்களே, அதற்கான பரிசோதனை. முடிவு: இல்லை. பச்சை மையில் டார்ச்சின் பெயர், வயது. அதன் கீழே 'வேறு நோய் விவரம்' என்ற கட்டம் காலியாக இருந்தது. டாக்டர் அந்தச் சீட்டை வெகுநேரம் பார்த்தார்.

"நான் சொல்றேன் சார் யாருன்னு," என்றார் சிஸ்டர், பொறுக்கமாட்டாமல். "மூளையில கட்டி. அதான். சிபிலிஸ்தான் இல்லைன்னு வந்துடுச்சே."

"மெதுவா, சிஸ்டர்," என்று சொல்லிவிட்டு, லேப்காரரைத் தனியே அழைத்து என்னவோ சொன்னார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் லேப்காரர் ரத்தநீரில் ஏதோ கலந்தார், மறுபடி கலந்தார், அட்டையில் சொட்டுவிட்டுச் சுழற்றினார். சுழற்றியவர் அப்படியே நின்றுவிட்டார்.

புதன்கிழமை காலை டாக்டரின் அறையில் ஐந்து பேர். டாக்டர் முதலில் டார்ச்சிடம், "லேப்காரர் இங்கே இருக்கலாமா? உங்க விஷயம் இது, வேண்டாம்னா அனுப்பிடறேன்," என்று கேட்டார்.

"இருக்கட்டும் சார். என் ரத்தத்தோட பழகினவர், எனக்கென்ன அந்நியமா?"

அவர் மனைவி சிரிக்காமல் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் நாலு சீட்டுகளை மேசையில் வரிசையாக வைத்தார்.

"சந்தேகத்துக்கு ஆளானவங்க நாலு பேர். முதல் ஆள் குடி." அந்தச் சீட்டைத் தொட்டார். "குடிச்சவன் வெளிச்சத்துலயும் ஆடுவான். இவர் டிக்கெட் கிழிக்கிற இடத்துல அசையாம நிக்கிறார், உள்ளே இருட்டானதும் சாயறார். பகல் ரெண்டு மணிக்கும் அப்படித்தான். சரி, ஞாயித்துக்கிழமை காலையில குழாயடியில விழுந்தாரே, அங்கே ஏது இருட்டு?"

டார்ச்சின் மனைவி மெல்ல நிமிர்ந்தாள்.

"சோப்பு," என்றாள். "முகத்துக்குச் சோப்புப் போட்டா... கண்ணை மூடிக்குவார்."

"அவ்வளவுதான்மா. நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்க." டாக்டரின் குரல் இன்னும் தணிந்தது. "தரை எங்கே இருக்குன்னு பாதம்தான் தலைக்குச் சொல்லணும். அந்தச் சேதி முதுகுத்தண்டு வழியா போகணும். இவருக்கு அந்த வழி பழுதாயிருக்கு. பாதத்துக்குப் பதிலா கண்ணு வேலை பார்க்குது. கண்ணை மூடினாலோ இருட்டானாலோ, பாவம், தரை காணாமப் போயிடுது. அதான் தப் தப்புன்னு குதிகாலை அறைஞ்சு நடக்கிறார். செருப்பு பின்னால மட்டும் தேயறது அதனாலதான். இவர் ஒரு சொட்டு குடிக்கலை."

அவள் கணவனைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் சொன்னேன்லம்மா," என்றார் டார்ச்சு. குற்றம் சொல்வதுபோல் அல்ல, ஞாபகப்படுத்துவதுபோல்.

"ரெண்டாவது, மாத்திரையை நிறுத்திட்டாரோன்னு. இல்லை. ரத்தத்துல எச்.ஐ.வி. பரிசோதனைக்கே அகப்படாத அளவுக்கு அடங்கியிருக்கு. மூணாவது, மூளையில கட்டி. ஸ்கேன்ல எதுவும் இல்லை, மன்னிச்சுக்குங்க சிஸ்டர். நாலாவது சிபிலிஸ். அது மூளையையும் முதுகுத்தண்டையும் தாக்கும். எச்.ஐ.வி. இருக்கிறவங்களை இன்னும் சுலபமா தாக்கும். மறதி, கோபம், கால்ல மின்னல் மாதிரி வலி, எல்லாம் அதோட வேலையா இருக்கலாம்."

"ஆனா அதுக்குத்தான் ஏற்கெனவே விடுதலை ஆயிடுச்சே சார்?" சிஸ்டரால் பொறுக்க முடியவில்லை. "இல்லைன்னு எழுதியிருக்கே!"

"அதான் எனக்கும் உறுத்துச்சு. கண்ணைப் பார்த்தீங்களே, சிஸ்டர். வெளிச்சத்துக்கு அசையல, கிட்டத்துல டிக்கெட் படிக்கும்போது சுருங்குச்சு. இப்படி ஒரு கைரேகையை விட்டுட்டுப் போற வியாதி ரொம்ப கம்மி. கண்ணு ஒண்ணு சொல்லுது, காகிதம் ஒண்ணு சொல்லுது. அப்ப காகிதத்தைத்தான் விசாரிக்கணும்." லேப்காரரைப் பார்த்துத் தலையசைத்தார்.

லேப்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் முதல் தடவை ரத்தநீரை அப்படியே போட்டுப் பார்த்தேன். வழவழன்னு இருந்துச்சு, அப்படின்னா நோய் இல்லைன்னு அர்த்தம். நேத்து சார் சொன்னபடி உப்புத்தண்ணி கலந்து நீர்க்க வெச்சுப் போட்டேன். பால் திரிஞ்ச மாதிரி கட்டி கட்டியா வந்துடுச்சு. அவ்வளவு பலமா நான் பார்த்ததே கொஞ்சம்தான்."

"தண்ணி கலந்தா எப்படிங்க அதிகமாகும்?" என்று கேட்டாள் டார்ச்சின் மனைவி.

டாக்டர் டார்ச்சைப் பார்த்துச் சிரித்தார். "உங்க தியேட்டர்ல பத்தே பத்து பேர் படம் பார்க்க வர்றாங்க, டார்ச் பிடிச்சவங்க நூறு பேர் இருக்காங்கன்னு வெச்சுக்குங்க. ஒவ்வொருத்தரையும் பத்து பேர் சூழ்ந்துக்கிட்டு 'இங்க வாங்க, இங்க வாங்க'ன்னா?"

"ஒருத்தன்கூட பக்கத்துப் பக்கத்துல உட்கார மாட்டான் சார். அடிதடிதான்."

"அதுதான். இந்த நோயை எதிர்க்க ரத்தம் அனுப்புற ஆளுங்க, பரிசோதனையில வர்ற துகள்களைப் பிடிச்சுச் சேர்த்துக் கட்டியாக்கணும். இவர் ரத்தத்துல அந்த ஆளுங்க அளவுக்கு மீறி இருந்தாங்க. ஆளுக்கு ஆள் முட்டிக்கிட்டு ஒண்ணும் கட்டியாகல. எச்.ஐ.வி. இருக்கிறவங்ககிட்ட இது கொஞ்சம் அதிகமா நடக்கும். நீர்க்க வெச்சுக் கூட்டத்தைக் குறைச்சதும் உண்மை வெளிய வந்துடுச்சு. முதுகுத்தண்டு நீர்லயும் வெள்ளணுக்கள் ஏறியிருக்கு, சிபிலிஸ் பரிசோதனை அதுலயும் ஆமாம்னே சொல்லிடுச்சு. இனிமே சந்தேகமே இல்லை."

"ஆனா ஏன்யா," என்று சிஸ்டர் லேப்காரர் பக்கம் திரும்பினார், கோபத்தோடு. "முதல்லயே கலந்து பார்க்கிறதுக்கு என்ன? பன்னிரண்டு நாள் போச்சே! அவ மூட்டை கட்டிட்டு வந்து நின்னாளே!"

லேப்காரர் தரையைப் பார்த்தார். "நாளைக்கு முந்நூறு சீட்டு வருது சிஸ்டர். எச்.ஐ.வி.ன்னு எழுதியிருந்தாலோ மூளையில சந்தேகம்னு எழுதியிருந்தாலோ கலந்து பார்ப்பேன். ஒண்ணும் எழுதலைன்னா சாதாரண ஆள்னு நினைச்சு..."

டாக்டர் நாலாவது சீட்டைக் கவிழ்த்து வைக்கப் போனார். சிஸ்டர் அதற்குள் பார்த்துவிட்டார். பச்சை மை. காலிக் கட்டம்.

நாவலில் கொலைகாரன் யாரென்று பத்தாவது தடவையாவது சரியாகச் சொல்லவேண்டும் என்று எத்தனை நாள் ஆசைப்பட்டிருப்பார். இப்போது சொல்ல முடிந்தது, நாக்குதான் எழவில்லை.

"நான்தான்," என்றார். "நான்தான் காலியா விட்டேன்."

ஒன்பது வருடத்துக்கு முந்தைய சங்கதி அது. ஒரு பையனுடைய சீட்டில் அந்தக் கட்டத்தை அவர் எச்.ஐ.வி. என்று நிரப்பினார். லேப் வாசலில் கிடந்த சீட்டை அவனுடைய வீட்டுக்காரரின் உறவினர் யாரோ படித்துவிட்டார். அன்று சாயங்காலமே அவன் சாமான்கள் தெருவில் கிடந்தன. அன்றிலிருந்து தன் ஆட்களின் சீட்டில் அந்தக் கட்டத்தை அவர் நிரப்பியதே இல்லை. டாக்டரிடம் கூடச் சொன்னதில்லை. கோழி குஞ்சுகளை இறக்கைக்குள் வைத்துக்கொள்வதுபோலத்தான் நினைத்துச் செய்தார்.

"பாவி, உன்னைக் காப்பாத்தறதா நினைச்சு உன் வீட்டையே இடிக்கப் பார்த்தேனேம்மா," என்று சொல்லும்போது அவருக்கு அழுகை வந்துவிட்டது.

முதலில் எழுந்து வந்தது டார்ச்சின் மனைவிதான். சிஸ்டரின் தலையைத் தன் இடுப்போடு அணைத்துக்கொண்டாள். "சும்மா இருங்கக்கா. ஊருக்குத் தெரியக் கூடாதுன்னு எங்களுக்காக நீங்க ஒருத்தர்தான் பயந்தீங்க."

"கட்டத்தை நிரப்புங்க, பேரை விட்டுடுங்க," என்றார் டாக்டர், பொறுத்திருந்து. "பேருக்குப் பதிலா நம்பர். யார்னு தெரியாது, என்னன்னு தெரியும். இத்தனை வருஷமா நாம தப்பான இடத்தைக் காலியா விட்டிருக்கோம், சிஸ்டர். இதை நான்தான் முன்னாடியே யோசிச்சிருக்கணும்."

இந்த நோய் கல்யாணத்துக்கு முன்னால் வந்ததா, பின்னாலா என்று டார்ச்சின் மனைவிக்கு இன்னும் ஒரு கேள்வி இருந்தது. அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவளுக்கு மட்டும் வாயில் வரவில்லை. டாக்டர் தானே சொன்னார்: "முதுகுத்தண்டு நரம்பு இந்த அளவுக்குப் பழுதாக வருஷக்கணக்காகும்மா. நேத்து வந்த விருந்தாளியால வீட்டுல இவ்வளவு சாமான் அடுக்க முடியாது."

டார்ச்சு தலையைக் குனிந்துகொண்டார். "கல்யாணத்துக்கு ரொம்ப முன்னாடி, வேற ஊர்ல. புண்ணு வந்துச்சு. வாரம் ஒண்ணா மூணு ஊசி போடணும்னாங்க. முதல் ஊசியே உயிர் போற வலி. அப்புறம் போகவே இல்ல. புண்ணும் ஆறிப் போச்சு. அதோட மறந்துட்டேன். உன்கிட்ட மறைக்கணும்னு இல்லம்மா..."

"ஊசிக்குப் பயந்தா?" அவள் அவரை உற்றுப் பார்த்தாள். "இவ்வளவு பெரிய உடம்பை வெச்சுக்கிட்டு ஊசிக்கா பயந்தீங்க?"

"பயந்தேன்."

"இப்ப எத்தனை ஊசி சார்?"

"நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, பதினாலு நாள். பென்சிலின், நரம்பு வழியா," என்றார் டாக்டர். "உங்க ரத்தத்தையும் பார்க்கணும்மா, நீர்க்க வெச்சே பார்ப்போம். மேனேஜருக்கு நான் கடிதம் எழுதறேன். குடி இல்லை, நரம்புக் கோளாறுன்னு மட்டும் போட்டுடறேன், அதுக்குமேல அவருக்குத் தெரிய வேண்டாம். ஒண்ணு சொல்லிடறேன். மறதியும் கோபமும் நல்லாவே குறையலாம். கால்ல போனது எல்லாம் திரும்பும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இதுக்கு மேல போகவிடாம நிறுத்திடலாம்."

அவள் எழுந்தாள். நேரே சிஸ்டரின் அறைக்குப் போய், மேசைக்கடியில் குனிந்து பயணப்பையை இழுத்தாள். பின்னாலேயே ஓடிவந்த சிஸ்டர் பையின் இன்னொரு பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கேடி போறே?"

"வார்டுக்கு. பதினாலு நாளைக்கு மாத்துத்துணி வேணாமா? நல்லவேளை, முன்னாடியே கட்டி வெச்சிருந்தேன்."

அவள் ரத்தத்தில் சிபிலிஸ் இல்லையென்று வந்தது. நீர்க்க வைத்தும் இல்லை. அந்தச் சீட்டில் பெயர் இல்லை, கட்டம் நிரம்பியிருந்தது, பச்சை மையில்.

பதினைந்தாம் நாள் காலை, வீட்டுக்குப் போகிற நாள். வார்டுக் கோடியில் இருக்கும் குழாயடியில் டார்ச்சு முகம் கழுவிக்கொண்டிருந்தார். கன்னம் நிறையச் சோப்பு, கண் இரண்டும் இறுக மூடியிருந்தன. அவள் பின்னால் நின்று அவர் முதுகில் உள்ளங்கையை வைத்திருந்தாள். கையெழுத்து வாங்கப் போன சிஸ்டர் கதவோரம் நின்றுவிட்டார்.

"கையை எடும்மா. நானே நிப்பேன்."

"நில்லுங்க, பார்க்கலாம்."

அவள் கையை ஒரு விரற்கடை விலக்கினாள். அவர் கொஞ்சம் ஆடினார். கை உடனே முதுகுக்குத் திரும்பிவிட்டது.

"விழலையே!" என்றார் சோப்பு நுரைக்குள்ளிருந்து.

"ஆமா, விழல," என்றாள் அவள், கையை எடுக்காமலே. "மெதுவா கழுவுங்க. எனக்கொண்ணும் அவசரமில்ல."